ஒரு அங்குல வாட்டம்

பிய்ந்து வந்த டவல் கம்பியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. இரண்டு முனையிலும் துருப்பிடித்த ஸ்க்ரூ, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கட்டை, கட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்த சுவர்ப் பூச்சு. அம்மாவுக்குக் கால் வழுக்கியபோது கைக்கு அகப்பட்டது அதுதான். ஈரத் துண்டைத் தாங்குவதற்காக மாட்டிய கம்பி 58 கிலோ மனுஷியை எப்படித் தாங்கும்? இடது தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு, ஆபரேஷன், 12 நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். இனிமேல் குத்த வைத்து உட்காரக் கூடாது. இன்னொரு தடவை விழக் கூடாது.

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீடு திருச்சி உறையூரில் 1986-ல் அப்பா கட்டியது. அந்தக் காலத்து வழக்கப்படி கக்கூஸ் வீட்டை ஒட்டியே இருந்தாலும் அதன் கதவு கொல்லைப் பக்கம். குளியலறை அதற்கும் அப்பால், கிணற்றடியில். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்தால் கூடம், சமையலறை, பின்கட்டு, வாசல்படி எல்லாம் தாண்டிக் கொல்லைக்குப் போக வேண்டும், அதுவும் வாக்கரோடு. ஆனால் அந்தக் கக்கூஸ் உண்மையில் அம்மா படுக்கும் அறைக்கு அடுத்த சுவர்தான். ஒன்பது அங்குலச் சுவருக்கு அந்தப் பக்கம் பீங்கான், இந்தப் பக்கம் கட்டில். உள்ளளவு 4 அடி அகலம், 7 அடி நீளம். அந்தச் சுவரை உடைத்துக் கதவு வைத்து, உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட்டையும் குளிக்கும் இடத்தையும் ஒரே அறையில் கொண்டுவந்துவிடலாம் என்பது பெங்களூரில் இருக்கும் தம்பியின் யோசனை. 'வெட் ரூம்' என்று போட்டு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பித் தள்ளினான்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஈரமாகாத பாத்ரூம் நம் ஊரில் எங்கே இருக்கிறது? தொட்டியும் திரைச்சீலையும் வைத்துக் குளித்துவிட்டுத் தரையைக் காய்ந்தபடியே வைத்திருக்கும் நாட்டுக்காரர்களுக்கு வேண்டுமானால் இது புதுசு. நாம் தலைமுறை தலைமுறையாகத் தரையில்தானே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறோம்! அப்புறம் யோசித்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது. நாம் ஊற்றுவதோடு சரி. அது போகிறதா, எங்கே போகிறது, போகாத தண்ணீர் எந்தச் சுவரில் ஏறுகிறது என்று பார்ப்பதில்லை. அம்மா விழுந்த குளியலறையில் ஜலதாரை ஒரு மூலையில், தண்ணீர் நிற்கும் பள்ளம் நேர் எதிர் மூலையில். 37 வருடமாக அந்தப் பள்ளத்தைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளியே வாழ்ந்திருக்கிறோம்.

அம்மாவின் ஆட்சேபணை வேறு. "குளிக்கிற எடத்துலயே கக்கூஸா? அதுவும் படுக்கிற ரூமுக்குள்ள வாசல் வெச்சு? உங்கப்பா இருந்திருந்தா ஒத்துக்க மாட்டார்" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாஸ்து பார்க்கும் பெரியப்பாவும் தன் பங்குக்கு ஒரு திசை சொன்னார். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்த கமோடு நாற்காலிதான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தது. படுக்கையறையில், திரை கட்டி, நான் எடுத்துக் கொட்ட வேண்டியிருந்த அந்த மூன்று வாரம். "சீக்கிரம் ஆரம்பிங்க" என்று அவளே சொன்னாள்.

வேலைக்கு ஆள் தேடுவதற்கு முன்னால் நான் செய்த உருப்படியான காரியம், கூடத்தில் கோலமாவால் அந்த அறையை வரைந்தது. 4 அடிக்கு 7 அடி. தெற்குக் கோடியில் ஒரு நாற்காலியைப் போட்டு அதுதான் கமோடு என்றேன். வடக்குக் கோடியில் ஒரு முக்காலி, பக்கத்தில் வாளி. நடுவில் நீளச் சுவரில் கதவு. அம்மா வாக்கரோடு உள்ளே வந்து, திரும்பி, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி திரும்பிக் குளிக்கும் முக்காலிக்குப் போனாள். முதல் தடவை வாக்கரின் கால் கோலக் கோட்டைத் தாண்டிச் சுவருக்குள் போய்விட்டது. கதவு 2½ அடி போதாது, 2¾ அடி வேண்டும் என்று தெரிந்தது அப்போதுதான். வாஷ்பேசின் வைக்கலாம் என்று தம்பி சொன்னதும் அங்கேயே அடிபட்டுப் போயிற்று. பேசின் இருந்தால் வாக்கர் திரும்ப முடியாது. கோலமாவுக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது. டைல்ஸ் ஒட்டியபிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கமோடின் உயரத்தையும் அப்படித்தான் முடிவு செய்தோம். வயதானவர்களுக்கு உயரமான கமோடு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். கடையில் 18 அங்குல உயரத்தில் ஒன்றைக் காட்டினார்கள். அம்மா நாலே முக்கால் அடிதான். முழங்கால் மடிப்புக்கும் தரைக்கும் இடையே அளந்தால் 15½ அங்குலம். 18 அங்குலத்தில் உட்கார்ந்தால் கால் தொங்கும், பிடிமானம் போய்விடும். ரொம்பத் தாழ்வாக இருந்தாலோ இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். அது கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். மரப்பலகையும் செங்கலும் அடுக்கிப் பார்த்ததில் அம்மாவுக்குத் தோதானது 16½. சீட்டோடு சேர்த்து அந்த உயரம் வரும் கமோடாகப் பார்த்து வாங்கினோம். அதை வாங்கிக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் பிளம்பர் குழாய் பதித்தார். எஸ் ட்ராப், அதாவது கழிவு நேராகத் தரைக்குள் இறங்கும் வகை என்றால், சுவரிலிருந்து குழாய் மையம் எத்தனை அங்குலம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். நாங்கள் எடுத்தது 9 அங்குலம். குழாயை முதலில் பதித்துவிட்டுக் கமோடைத் தேடினால் ஒன்று தரையை மறுபடி உடைக்க வேண்டும், இல்லையென்றால் பிடிக்காத கமோடை வாங்க வேண்டும்.

இன்னொரு அளவு கொல்லையில் இருந்தது. பழைய இந்தியன் டாய்லெட்டுகள் பெரும்பாலும் ஒரு படி ஏற்றித்தான் கட்டியிருப்பார்கள், கீழே ட்ராப், அதாவது நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைகுழாய், உட்கார இடம் வேண்டுமே. எங்கள் கக்கூஸ் தரை படுக்கையறைத் தரையைவிட 5 அங்குலம் உயரம். படி இல்லாமல் வாக்கர் போக வேண்டுமென்றால் அதை இறக்கியாக வேண்டும். இறக்கினால் குழாயும் இறங்கும். அப்போது வெளியே சேம்பருக்கு, அதாவது கழிவுக் குழாய் போய்ச் சேரும் தொட்டிக்கு, போகச் சரிவு மிச்சம் இருக்குமா? மேஸ்திரி "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றார். நான் விடவில்லை. சேம்பர் மூடியைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் நிரப்பிய ட்யூப்பால் மட்டம் பிடித்து அளந்தோம். படுக்கையறைத் தரையிலிருந்து சேம்பரின் அடிவாய்க்கால் 1¾ அடி கீழே. 12 அடி தூரத்துக்கு 4 அங்குலக் குழாய், நாற்பதுக்கு ஒன்று என்று சரிவு கொடுத்தால் மூன்றரை, நாலு அங்குலம் போதும். தப்பித்தோம். சேம்பர் மேலாக இருந்திருந்தால் இந்தத் திட்டமே கிடையாது, சாய்தளம்தான் போட வேண்டியிருந்திருக்கும்.

ஆவணியில் ஆரம்பித்தோம். சுவர் உடைப்பதற்கு முன் தெருவில் இருக்கும் ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூட்டிவந்து காட்டினேன். எங்களுடையது தூண் போட்ட வீடு கிடையாது, சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அவர் சொன்னபடி கதவுக்கு மேலே சுவரைத் தாங்க வரவேண்டிய லிண்டல் கட்டையை இரண்டு பாதியாகச் செய்தார்கள். முதலில் கொல்லைப் பக்கம் சுவரின் பாதிக் கனத்துக்கு மட்டும் வெட்டி, ஏற்கெனவே வார்த்து வைத்த ஒரு கட்டையைச் சொருகி, இரண்டு நாள் விட்டு, அப்புறம் படுக்கையறைப் பக்கம் மிச்சப் பாதி. இரண்டு பக்கமும் அரை அடி சுவரில் உட்கார்ந்திருந்தது. அது இறுகின பிறகுதான் கீழே செங்கலை எடுத்தார்கள். மேஸ்திரிக்கு இந்த நாலு நாள் தாமதம் பிடிக்கவில்லை. "நாங்க எத்தன சொவரு ஒடச்சிருக்கோம்" என்றார். உடைத்திருப்பார்தான். மேலே கான்கிரீட் கூரையும் அதன் மேல் தண்ணீர் டேங்க்கும் இருக்கிறதே!

பீங்கானை எடுத்தபோது அதன் கீழே பழைய ஸ்டோன்வேர் குழாய். இணைப்பில் வேர் நுழைந்து பாதி அடைத்திருந்தது. அதையும் மாற்றினோம். இது கணக்கில் இல்லாத செலவு. தரையைத் தோண்டினால் இப்படி ஏதாவது வரும், கைவசம் கொஞ்சம் வைத்திருங்கள்.

இனி வாட்டம். நீரோட்டத்துக்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவை எங்கள் பக்கக் கொத்தனார்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். முகம் வாடினால் கவலை, பயிர் வாடினால் கவலை, தரை மட்டும் வாடியே ஆக வேண்டும். எவ்வளவு? எண்பதுக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. 7 அடி நீளம் என்றால் 84 அங்குலம், அதற்கு ஒரு அங்குலம் இறக்கம். அதற்கு மேல் கொடுத்தால் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடும்தான், ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி ஆடும், வயதானவர்களின் காலுக்குச் சரிவு தெரியும். எங்கள் மேஸ்திரி வழக்கமாக இரண்டு, இரண்டரை கொடுப்பவர். "தண்ணி நிக்கவே கூடாதுல்ல?" என்பது அவர் கட்சி. ஒரு அங்குலம் போதும், ஆனால் அந்த ஒரு அங்குலமும் எங்கும் மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சுவர் நெடுக நூல் பிடித்து, அடிக்கு ஒரு கோடு பென்சிலால் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் உயரம் குறித்து வைத்தோம்.

தம்பி அனுப்பிய படங்களில் உருப்படியாக எடுத்துக்கொண்டது ஒன்று உண்டென்றால் அந்த நீள ஜலதாரைதான். மூலையில் சதுரமாக ஒரு ஓட்டை வைத்தால் தரை நாலு பக்கத்திலிருந்தும் அதை நோக்கிக் குழிய வேண்டும். டைல்ஸைக் குறுக்காக வெட்ட வேண்டியிருக்கும், எங்கோ ஓரிடம் தப்பும். அதற்குப் பதிலாக வடக்குச் சுவரை ஒட்டி 3 அடி நீளத்துக்கு ஸ்டீல் வாய்க்கால் ஒன்றைப் பதித்தால், மொத்தத் தரையும் ஒரே பலகை மாதிரி ஒரே பக்கம் சாய்ந்தால் போதும். கடையில் விற்கும் வாய்க்காலோடு வரும் ட்ராப் ஆழம் குறைவு. அதில் நிற்கும் தண்ணீர் சில நாள் குளிக்காவிட்டால் வற்றி, நாற்றம் மேலே வரும். அதனால் அதைக் கழற்றிவிட்டு, கீழே தனியாக ஆழமான நானி ட்ராப் வைக்கச் சொன்னேன். ட்ராப்பில் எப்போதும் இரண்டு அங்குலமாவது தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு.

இப்போது ஒரு விஷயம், இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். வாட்டத்தை டைல்ஸ் ஒட்டும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. டைல்ஸின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மேலே எவ்வளவு சரிவு இருந்தாலும், கீழே இருக்கும் தளம் மட்டமாகவோ குழியாகவோ இருந்தால் அந்தத் தண்ணீர் அங்கேயே குடியிருக்கும். அப்புறம் சுவர் ஏறும், படுக்கையறைப் பக்கம் உப்பு பூக்கும், பெயின்ட் உரியும். அதனால் கான்கிரீட்டுக்கு மேல் போடும் சிமென்ட் தளத்திலேயே அந்த ஒரு அங்குல வாட்டம் வந்துவிட வேண்டும். நீர்க்காப்புப் பூச்சு அதன் மேல். டைல்ஸ் கடைசியில், ஒரே கனத்தில்.

பூச்சு என்றதும் மேஸ்திரி, "சிமென்ட் பால் ஊத்திட்டா போதும்மா, நாப்பது வருசமா அதான் செய்றோம்" என்றார். நாற்பது வருடமாக இந்த ஊர்ப் படுக்கையறைச் சுவர்கள் எல்லாம் உரிந்து கிடப்பதும் அதனால்தான் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வேலை பாதியில் இருக்கும்போது மேஸ்திரியோடு சண்டை போடக் கூடாது. "அண்ணே, எனக்காக ஒரு தடவ இத அடிச்சுப் பாப்போம்" என்று இரண்டு டப்பா வாங்கி வைத்தேன். சிமென்ட் பொடியும் பால் மாதிரி ஒரு திரவமும் கலந்து பிரஷ்ஷால் அடிக்கும் வகை. தரையும் சுவரும் சேரும் மூலையில் முதலில் கலவையால் உருட்டிவிட்டு, அதன் மேல் வலைத்துணி வைத்துப் பூசினார்கள். வெடிப்பு முதலில் விடுவது அந்த மூலையில்தான். முதல் கோட் நீளவாக்கில், அது காய்ந்தபின் இரண்டாவது கோட் குறுக்குவாக்கில். குளிக்கும் பக்கம் சுவரில் 6 அடி உயரம், படுக்கையறைச் சுவர் நெடுக 4 அடி, மற்ற இடத்தில் ஒரு அடி. குழாய் வெளியே வரும் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் விரலால் தடவச் சொன்னேன்.

காய்ந்த பிறகு ஜலதாரையை அடைத்து, வாசலில் கலவையால் சின்ன வரப்புக் கட்டி, தண்ணீரைத் தேக்கினோம். ஆழமான பக்கம் மூன்று அங்குலம். சுவரில் பென்சில் கோடு. இரண்டு நாள் நிற்க வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை! எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. தம்பிக்கு போன் போட்டேன், அவன் அங்கிருந்து கத்தினான். மேஸ்திரி வந்தார், குனிந்து பார்த்தார், ஜலதாரையிலிருந்து எதையோ இழுத்தார். சித்தாள் பையன் அடைப்புக்கு வைத்திருந்தது சிமென்ட் மூட்டைச் சாக்கு. ராத்திரி முழுக்க அதன் வழியே கசிந்து எல்லாத் தண்ணீரும் கொல்லை வாழைக்குப் போயிருக்கிறது. ரப்பர் அடைப்பான் வாங்கிவந்து மறுபடி நிரப்பினோம். இந்தத் தடவை 48 மணி நேரம் கழித்தும் கோடு ஏறக்குறைய அப்படியே இருந்தது, ஆவியானது போக. படுக்கையறைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அன்றைக்குத்தான் இந்த மொத்த வேலையிலும் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

தரை டைல்ஸ் கதை தனி. கடைக்காரர் 'ஆன்ட்டி ஸ்கிட்' என்று காட்டியதில் பாதி வெறும் மேட். பளபளப்பு இல்லை என்பதாலேயே வழுக்காது என்று ஆகாது. எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். அம்மா எதை விட்டாலும் அதை விடமாட்டாள். "எண்ணெய் தேச்சுக் குளிச்சா வழுக்குமா?" என்று கேட்டதற்குக் கடைப் பையன் முழித்தான். நாலு மாதிரி டைல்ஸை வீட்டுக்கு எடுத்துவந்து, கொல்லையில் போட்டு, நல்லெண்ணெயும் சீயக்காய்க் கரைசலும் ஊற்றி, வெறுங்காலோடு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தேன். இரண்டு உடனே தள்ளுபடி. பிற்பாடு படித்தபோது தெரிந்தது, டைல்ஸ் பெட்டியில் ஆர்-9, ஆர்-10 என்று போடுகிறார்களே, அந்த அளவை ஜெர்மனிக்காரர்கள் கண்டுபிடிப்பதே எண்ணெயை வைத்துத்தானாம். சாய்வுப் பலகையில் டைல்ஸ் பதித்து, மோட்டார் எண்ணெய் தடவி, வேலைச் செருப்போடு ஒருவரை நடக்கவிட்டு, எத்தனை டிகிரியில் வழுக்குகிறது என்று பார்ப்பார்கள். 10 முதல் 19 டிகிரி வரை தாங்கினால் ஆர்-10, 19 முதல் 27 வரை என்றால் ஆர்-11. வெறுங்காலுக்குத் தனிச் சோதனை உண்டு, அதில் சோப்புத் தண்ணீர். என் கொல்லைச் சோதனை அவ்வளவு முட்டாள்தனமில்லை என்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நாங்கள் எடுத்தது ஆர்-11, ஒரு அடிக்கு ஒரு அடி. சின்ன டைல்ஸ் என்றால் இடுக்கு அதிகம், இடுக்கே ஒரு பிடிமானம். சொரசொரப்பில் அழுக்கு சேரும், வாரம் ஒரு தடவை தேய்த்துத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை.

டைல்ஸ் இடுக்கை அடைக்க எபாக்ஸி கிரவுட் என்ற பிசின் கலவை போட்டோம். சாதா சிமென்ட் கிரவுட் எண்ணெயையும் சீயக்காயையும் குடித்து இரண்டே மாதத்தில் கறுத்துவிடும். எபாக்ஸி விலை அதிகம், சீக்கிரம் இறுகிவிடும், கலந்த உடனே பூசி உடனே துடைக்க வேண்டும். டைல்ஸ் ஒட்ட வந்தவர் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் விட்டுப்போன படலம் மூன்று டைல்ஸில் இன்னும் இருக்கிறது, வெயில் பட்டால் தெரியும்.

அதே மனிதர் இன்னொன்றும் செய்தார். டைல்ஸை ஜலதாரையிலிருந்து ஆரம்பிக்காமல் கமோடு பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்து, கடைசி வரிசை வாய்க்காலோடு சேரவில்லை என்று அதை மட்டும் கொஞ்சம் தூக்கி ஒட்டிவிட்டார். தண்ணீர் ஓடி வந்து, வாய்க்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. 'காஞ்சா சரியாயிடும்' என்றார். காய்ந்தால் எப்படிச் சரியாகும்? பசை இறுகுவதற்குள் அந்த வரிசை நாலு டைல்ஸையும் எடுக்க வைத்தேன். ஒட்டி முடித்த அன்றே, ஆள் போவதற்கு முன், ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிடுங்கள். மறுநாள் என்றால் உளிதான்.

கைப்பிடிக் கம்பிகளுக்கு வருகிறேன். கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, கதவை ஒட்டிச் செங்குத்தாக ஒன்று. கொல்லைப் பக்கச் சுவர் நாலரை அங்குலம்தான், பழைய செங்கல், துளை போட்டாலே மணலாகக் கொட்டுகிறது. பிளாஸ்டிக் கட்டை அடித்து ஸ்க்ரூ போட்டால் அந்த டவல் கம்பியின் கதைதான். அதனால் சுவரைத் துளைத்து, நீள போல்ட்டை வெளிப்பக்கம் வரை விட்டு, கொல்லையில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து நட்டு முடுக்கினோம். வெளியிலிருந்து பார்க்க அழகாக இல்லை. அதற்காக லீவு போட்டு வந்திருந்த தம்பி 82 கிலோ. இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. உயரம் எல்லாம் அம்மாவை உட்கார வைத்து, கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே பென்சில் வைத்தது. படத்தில் போட்ட அளவைவிட எல்லாமே இரண்டு அங்குலம் கீழே வந்தது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. ஸ்விட்ச் எல்லாம் அறைக்கு வெளியே. கீசர் கமோடு பக்கத்துச் சுவரில் உயரத்தில், குளிக்கும் தலைக்கு மேலே இல்லை. மின்கசிவு இருந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டதும் அது ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தது. தேடினால் 1986-ம் வருடத்து வயர் ஒன்று சமையலறையில் கசிந்துகொண்டிருந்தது. எர்த் குழியும் காய்ந்து கிடந்தது. புதுசாக எர்த் போட்டு, வயரையும் மாற்றினோம்.

கதவு வெளிப்பக்கம், அதாவது படுக்கையறைப் பக்கம் திறக்கிற மாதிரி. உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை உடைத்துத்தான் போக வேண்டியிருக்கும். வெளியிலிருந்து காசை வைத்துத் திருகினால் திறக்கிற தாழ்ப்பாள். வாசலில் அரை அங்குலம்தான் இறக்கம், அதுவும் கிரானைட் ஓரத்தைச் சாய்த்துத் தேய்த்து. வயர்லெஸ் அழைப்பு மணியின் பொத்தானைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏன் இவ்வளவு கீழே என்கிறார்கள். விழுந்தவருக்கு எட்டும் உயரம் அதுதான்.

தம்பி ஆசைப்பட்ட மழை மாதிரிக் கொட்டும் ஷவரை விட்டுவிட்டோம். எங்களுடையது ஒற்றை மாடிகூட இல்லாத வீடு. டேங்க்கின் அடிக்கும் ஷவருக்கும் ஐந்தடி கூட வித்தியாசம் இல்லை, அதில் மழை எங்கே கொட்டும், தூறல்தான். தனியாக பம்ப் வைத்தால் கரண்ட் போகும்போது அம்மா சோப்போடு உட்கார்ந்திருப்பாள். கையில் பிடிக்கும் ஷவர் ஒன்றும், வாளிக்கு ஒரு குழாயும் வைத்தோம். கண்ணாடித் தடுப்பும் வேண்டாம் என்றேன். போர் தண்ணீரில் ஒரே மாதத்தில் வெள்ளை படிந்துவிடும், தினம் யார் துடைப்பது? வாளிக் குழாயை மேஸ்திரி ஒன்றரை அடியில் வைக்கப் பார்த்தார். வாளி உயரத்தோடு முடிந்துவிடும், உட்கார்ந்தபடி அம்மா குனிய வேண்டியிருக்கும். இரண்டேகால் அடிக்கு ஏற்றினோம், வாளியையும் ஒரு சின்ன ஸ்டூலின் மேல் வைத்தோம். குனியாமல் மொள்ளலாம். வாளியும் சொம்பும் இல்லாத குளியல் அவளுக்குக் குளியலே கிடையாது.

பத்து நாள் என்று ஆரம்பித்தது 23 நாள். 1,20,000 என்று தம்பி போட்ட கணக்கு 1,86,000-ல் நின்றது. லிண்டல், பழைய குழாய், வயரிங், மறுபடி ஒட்டிய டைல்ஸ் என்று எல்லாம் சேர்ந்து இழுத்துவிட்டது. இதில் வேடிக்கை, நான் மேஸ்திரியோடு மல்லுக்கட்டி வாங்கிவைத்த நீர்க்காப்புப் பூச்சு மொத்தமே 6,500 ரூபாய்க்குள். கமோடு மூடி மெதுவாக விழுவதற்கு என்று கடையில் கூடுதலாகக் கேட்டார்களே, கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு.

குளிக்கும் தண்ணீர் செப்டிக் டேங்க்குக்குப் போகவில்லை. தனிக் குழாயாக வெளியே கல்லி ட்ராப் என்ற சின்னத் தொட்டிக்குள் விழுந்து, அங்கிருந்து முன்பு போலவே வாழைக்கு. இது அம்மா வைத்த ஒரே நிபந்தனை. அதனால் தரைக்கு ஆசிட் கிடையாது, சோப்புப் பொடிதான். ஸ்டீல் வாய்க்காலுக்கும் ஆசிட் ஆகாது. ஒரு மழைக்காலம் போய்விட்டது. படுக்கையறைச் சுவர் காய்ந்தே இருக்கிறது, கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்த பழைய உப்புத் தடத்தைத் தவிர.

வெள்ளிக்கிழமைகளில் நான் சீயக்காய் கரைத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். அம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொள்வாள். பழுப்பு நுரை வாய்க்காலைப் பார்த்து ஓடும். கொஞ்ச நேரத்தில் வெளியே வாழையடியில் தண்ணீர் விழும் சத்தம். குளித்து முடித்ததும் தரையில் கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிடுவது என் வேலை, எண்ணெய்ப் பிசுக்கு நிற்கக் கூடாது. கமோடுக்குப் பின்னால் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மேஸ்திரியிடம் சொன்னேன். "தீபாவளி கழிச்சு வந்து பாத்துத் தர்றேம்மா" என்றார். எந்தத் தீபாவளி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.